கூரையும் குழாய்நீரும்: சிங்கை உணவங்காடிகளின் வரலாறு

‘அங்காடி’ என்பது தமிழில் மிகப் பழைய சொல். மதுரைக் காஞ்சியில் நாளங்காடியும் அல்லங்காடியும் பேசப்படுகின்றன. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடைப்பட்ட வெளியில் நாளங்காடி கூடிற்று. அந்நகரங்களில் அப்பம் சுட்டு விற்றோருக்குக் ‘கூவியர்’ என்று தனிப்பெயரே இருந்தது. இன்று தமிழ்நாட்டில் அங்காடி என்றால் கடை என்றோ சந்தை என்றோதான் பொருள் கொள்வர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மட்டும் அச்சொல் வேறொரு வழியில் நடந்து வந்திருக்கிறது. அங்காடிக்காரர் என்றதும் நம் கண்முன் நிற்பவர், தெருவோரத்தில் வண்டியிலோ ஒட்டுக்கடையிலோ உணவு சமைத்து விற்கும் எளிய மனிதர். மதுரைத் தெருவில் அப்பம் விற்ற கூவியருக்கு இவரே நெருங்கிய உறவினர் எனலாம்.

அந்த எளிய மனிதர் தெருவை விட்டுக் கூரையின்கீழ் வந்து சேர்ந்த வரலாற்றையே இக்கட்டுரையில் சொல்ல முற்படுகிறேன். களம் சிங்கப்பூர். ஜொகூரில் பணியாற்றும் தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன், தன் நாட்டில் எத்தனையோ உணவு வளாகங்கள் இருக்கக் கடற்பாலத்தைக் கடந்து செல்வானேன் என்று கேட்கலாம். காரணம் இரண்டு. தெருவாணிகம் முழுவதையும் ஒரு நாடு பதினைந்து ஆண்டுகளில் திட்டமிட்டுக் கூரையின்கீழ்க் கொண்டுவந்த நிகழ்ச்சி அங்கே நடந்தது. அதன் படிகளை ஆண்டு சொல்லிக் காட்ட முடிகிறது. மற்றொரு காரணம், என் சிற்றப்பா அந்த வரலாற்றுக்குள் ஒரு தள்ளுவண்டியோடு நடந்து போனவர்.

இன்று சிங்கையின் எந்தக் குடியிருப்புப் பேட்டைக்குச் சென்றாலும் ஓர் உணவங்காடி நிலையத்தைக் காணலாம். சுவரில்லாத பெருங்கூரை, மேலே சுழலும் காற்றாடிகள், தரையில் பதித்த மேசைகள், வரிசை வரிசையாக எண்ணிட்ட சிறு கடைகள். மாணவர்கள் இதைப் பார்த்தால், ஊர் இருக்கும் இடத்தில் உணவுக்கடை இருப்பது இயல்புதானே என்று எண்ணிவிடுவார்கள். ஆனால் இவை ஆலமரம்போல் தாமாக முளைத்தவை அல்ல. அரசுக்கும் தெருவாணிகருக்கும் இடையே ஏற்பட்ட ஓர் உடன்பாட்டின் விளைவாகவே எழுந்தவை. ‘தெருவை விட்டுக்கொடு, கூரையும் குழாய்நீரும் தருகிறேன்’ என்றது அரசு. அந்தப் பேரத்தில் யார் எதைக் கொடுத்தார், எதைப் பெற்றார் என்பதே நாம் ஆராய வேண்டியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூர் பெரும்பாலும் தனி ஆண்களின் ஊர். சீனத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் தீவுக்கூட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள், ஓர் அறையில் பலராக நெருங்கிப் படுத்துறங்கினார்கள். அடுப்பு மூட்ட அவர்களுக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே சமைத்த உணவு அவர்களைத் தேடித் தெருவுக்கு வந்தது. சீனர் தோளில் தடியிட்டு, ஒரு முனையில் அடுப்பையும் மறுமுனையில் கிண்ணங்களையும் தொங்கவிட்டு நடந்தனர். மலாய்க்காரர் சாத்தே சுட்டனர். நம்மவர் தலையில் பலகைத் தட்டேந்திக் கடலை, முறுக்கு, பக்கோடா என்று விற்றனர்.

கடலை விற்பவருக்கு மலாய் மொழியில் அமைந்த பெயர் ‘கச்சாங் பூத்தே’க்காரர். வெள்ளைக் கடலை என்பது அதன் பொருள். பழைய செய்தித்தாளையும் எழுதி முடித்த பள்ளி ஏடுகளையும் கூம்பாகச் சுருட்டி, அதில் கடலையைக் கொட்டிக் கொடுப்பார். யாரோ ஒரு மாணவன் பிழையாகப் போட்ட கணக்கும், அதன்மேல் ஆசிரியர் இட்ட சிவப்புக் கோடும் அந்தக் கூம்பின் மேற்புறத்தில் தெரியும். கடலையைத் தின்று முடித்தபின் காகிதத்தைப் பிரித்து வாசித்தவர்கள் நம்முள் பலர் இருப்பார்கள்.

தெருவில் வெவ்வேறு இனத்தார் அருகருகே அடுப்பு வைத்ததால், தாய்நாடுகளில் இல்லாத உணவுகள் பிறந்தன. மீ கோரெங் இதற்கு நல்ல சான்று. மஞ்சள் நிறத் தடித்த மீ சீனருடையது. பெயர் பாதி சீனம், பாதி மலாய். அதைத் தக்காளிச் சாறும் மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சிவக்க வதக்கிக் கொடுத்தவர்கள் தமிழ் முசுலிம்கள். இதைத் தமிழகத்தில் தேடினால் கிடைக்காது, சீனத்திலும் கிடைக்காது. வடைகளையும் பொரித்த மாவுப் பண்டங்களையும் வெட்டிச் சிவந்த இனிப்புக் குழம்போடு தரும் ‘இந்திய ரோஜாக்’ அவ்வாறே பிறந்தது. பினாங்கில் அதன் உடன்பிறப்பைப் பசெம்போர் என்கிறோம். ஓர் இனத்தின் பண்பாட்டை அறிய விரும்புவோர் நூலகத்துக்குச் செல்வர். மூன்று இனங்கள் எப்படிக் கலந்து வாழ்ந்தன என்பதை அறிய இந்த ஒரு தட்டு மீ போதும் என்பது என் எண்ணம்.

ஆனால் தெருவாணிகத்தைப் பொன்முலாம் பூசிப் பேசுவது வரலாறு ஆகாது. தெருவில் குழாய் கிடையாது. ஒரு வாளி நீரிலேயே காலை முதல் இரவுவரை தட்டுகளும் கோப்பைகளும் கழுவப்பட்டன. எச்சில் நீரும் எண்ணெய்க் கழிவும் சாக்கடைக்குப் போயின. சாக்கடை ஆற்றுக்குப் போயிற்று. ஈ மொய்த்தது, எலி பெருகிற்று. வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் பரவுவதற்கு இதைவிட வேறு வழி வேண்டியதில்லை. வண்டிகள் சாலையை அடைத்தன என்பது தனிக்குறை.

இதை ஆண்டவர்கள் அறியாமல் இல்லை. 1920களிலேயே நகராண்மையினர் சில கொட்டகைகளைக் கட்டித் தெருவாணிகரில் சிலரை அங்கே அமர்த்தினர். அது கடலில் கரைத்த பெருங்காயமாயிற்று. போருக்குப்பின் வேலையற்றோர் தொகை பெருகத் தெருவாணிகரும் பெருகினர். 1950ஆம் ஆண்டில் ஆளுநர் பிராங்க்ளின் கிம்சன் இதனை ஆராய ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். அக்குழு ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிற்று: தெருவாணிகரைத் துடைத்தெறிய வேண்டிய தொல்லையாகவே அதிகாரிகள் காண்கிறார்கள், ஆனால் ஏழைத் தொழிலாளிக்கு மலிவான உணவும், வேலையில்லாதவனுக்கு ஒரு பிழைப்பும் தருகிறவர்கள் அவர்களே. தொல்லை என்று பார்ப்பதா, தொண்டு என்று பார்ப்பதா? பின்வந்த ஆண்டுகளின் கொள்கை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே வந்தது.

விடுதலைக்குப்பின் எடுத்த முதல் நடவடிக்கை கட்டடம் அன்று, கணக்கெடுப்பு. 1968, 1969 ஆகிய ஈராண்டுகளில் தீவு முழுவதும் தெருவாணிகர் பதிவு செய்யப்பட்டனர். ஏறத்தாழ 18,000 பேருக்குத் தற்காலிக உரிமங்கள் வழங்கப்பட்டன. கண்டால் விரட்டப்படும் மனிதர், கணக்கில் ஏறிய மனிதர் ஆனார். இதன் சிறப்பை நாம் எளிதில் கடந்து செல்லலாகாது. அதுவரை அவருக்கு அரசிடம் இருந்த ஒரே தொடர்பு ஓட்டமே. அதிகாரிகள் வருகிறார்கள் என்ற குரல் கேட்டதும் அடுப்போடும் கொதிக்கும் எண்ணெயோடும் சந்துக்குள் ஓட வேண்டும். சிக்கினால் வண்டி போகும்.

1971 முதல் அரசு நிலையங்களைக் கட்டத் தொடங்கிற்று. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிப் பேட்டைகள் எழுந்த இடமெல்லாம் அவற்றின் நடுவே சந்தையும் உணவங்காடியும் எழுந்தன. நியூட்டன் நிலையம் அவ்வாண்டிலேயே திறக்கப்பட்டது. பகலில் கார்கள் நின்று, இரவில் வண்டிக்கடைகளால் நிறைந்த ஆர்ச்சர்ட் சாலைத் திடல் 1978இல் மூடப்பட்டது. 1977இல் சிங்கப்பூர் ஆற்றைப் பத்தாண்டுகளில் தூய்மைப்படுத்தும் பணி தொடங்கிய போது, ஆற்றங்கரை வட்டாரங்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 5,000 அங்காடிக்காரர்கள் இடம் மாற்றப்பட்டனர். 1986இல் தெருக்கள் காலியாயின.

என் சிற்றப்பாவின் கதைக்கு வருகிறேன். அவர் ஒரு படக்கொட்டகையின் வாசலில் தள்ளுவண்டி வைத்து வடையும் கடலையும் விற்றவர். 1980ஆம் ஆண்டு இறுதி விடுமுறையில், பதினொரு வயதுச் சிறுவனாக நான் அவரிடம் சென்று தங்கினேன். எனக்கு இட்ட பணி இரண்டு வாளிகளைப் பார்த்துக்கொள்வது. ஒன்றில் கழுவ வேண்டும், மற்றொன்றில் அலச வேண்டும். நீரை அருகிலிருந்த ஒரு காப்பிக்கடையிலிருந்து தூக்கி வருவோம். அக்கடைக்காரச் சீனர் நல்லவர். எனினும் மூன்றாம் வாளிக்கு முகம் சுளிப்பார். ஆகவே, “தண்ணிய மிச்சம் பண்ணுடா தம்பி” என்பதே சிற்றப்பா எனக்கு அடிக்கடி சொன்ன சொல். அவர் படங்களைப் பார்த்ததில்லை. ஆனால் எந்தப் படம் எத்தனை மணிக்கு இடைவேளை விடும் என்பதை நிமிடக் கணக்கில் அறிவார். கதவு திறக்கும் நேரத்துக்குச் சரியாக வடை எண்ணெயிலிருந்து எழும். கூட்டத்தைத் தேடிப் போவதும், கூட்டம் வரும் நொடியை அறிவதுமே தெருவாணிகம்.

1982இல் அவருக்கு ஒரு நிலையத்தில் கடை கிடைத்தது. சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டார்கள். அவருக்கு விழுந்தது ஒரு தூணுக்குப் பின்னால் இருந்த மூலை. அடுத்த விடுமுறையில் நான் சென்றபோது, கடையைக் காட்டுகிறேன் என்று அழைத்துச் சென்றவர் முதலில் காட்டியது குழாயை. திறந்தார், மூடினார், மீண்டும் திறந்தார். “பாத்தியா, நம்ம தண்ணி” என்றார். அவர் முகத்தில் அன்று கண்ட பெருமையை நான் பின்னர் எந்தப் பரிசளிப்பு விழாவிலும் கண்டதில்லை.

ஆனால் கடைத்தொழில் அவருக்குப் பிடிபடவில்லை. தெருவில் அவர் கூட்டத்தைத் தேடிப் போனார். நிலையத்திலோ கூட்டம் அவரைத் தேடி வரவேண்டும். தூணுக்குப் பின்னால் யார் தேடுவார்? சோறும் மீயும் விற்றவர்களுக்கு நிலையம் ஏற்றதாயிற்று. பகலுணவுக்கு உட்கார வருபவன் கடலைக்கு வருவதில்லை. கடலையும் வடையும் போகிற போக்கில் வாங்கும் பொருள்கள். அவற்றுக்குக் கூரையைவிட வாசல்தான் தேவை. மாத வாடகை சலுகை வாடகைதான். எனினும் வாடகை என்ற ஒன்றையே அதுவரை அறியாதவருக்கு அது சுமையாகத்தான் இருந்தது. பிறகு தேநீரும் சேர்த்து விற்று ஒருவாறு நிலைபெற்றார். நடந்து விற்ற வணிகர் பலர் இவ்வாறே தம் தொழிலை மாற்றிக்கொண்டனர், அல்லது விட்டுவிட்டனர். உடன்பாட்டின் விலை எல்லார்க்கும் ஒன்றாக இருக்கவில்லை.

இப்படிச் சொல்வதால் அந்த மாற்றம் தவறு என்று நான் கருதுவதாக எவரும் எண்ண வேண்டா. இரண்டு வாளி நீரில் நான் கழுவிய கோப்பைகளை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கட்டடங்களைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். நகரின் நிதி வட்டாரத்தில் உயர்ந்த கோபுரங்களின் நடுவே, எண்கோண வடிவில் வார்ப்பிரும்பால் ஆன ஒரு பழங்கட்டடம் நிற்கிறது. தெலுக் ஆயர் சந்தை என்பது அதன் பழம்பெயர். நகராண்மைப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சி வரைந்த திட்டப்படி 1894இல் எழுந்தது. இரும்புத் தூண்கள் கிளாஸ்கோ நகரில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தன. மீனும் காய்கறியும் விற்ற அச்சந்தை 1973இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு, உணவங்காடியாகவும் மாறிற்று. 1980களில் பெருவிரைவு ரயிலுக்கு நிலத்தடியில் குடைய வேண்டியிருந்ததால், துண்டு துண்டாகக் கழற்றி எடுத்து வைத்து, மீண்டும் அவ்விடத்திலேயே பூட்டினார்கள். இன்று அதனை ‘லாவ் பா சாட்’ என்கின்றனர். ‘லாவ்’ ஹொக்கியனில் பழைய என்று பொருள்படும். ‘பா சாட்’ மலாய் மொழியின் பாசாரே. அதுவும் பாரசீகத்துப் பசாரிலிருந்து வந்தது. ஒரு சந்தையின் பெயருக்குள் மூன்று மொழிகள்.

தமிழர்க்கு நெருக்கமானது தேக்கா. சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில் 1915இல் கட்டிய சந்தைக்குக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத்தொழுவம், என்று பெயர். அவ்வட்டாரத்தில் மாடு வளர்ப்பும் மாட்டு வாணிகமும் ஓங்கியிருந்ததன் அடையாளம் அது. சீனர் மூங்கிலடி என்னும் பொருளில் அதைத் ‘தேக் கியா கா’ என்றனர். நம்மவர் வாயில் அது தேக்கா ஆயிற்று. 1982இல் பழைய சந்தையை அகற்றி, எதிர்ப்புறத்தில் புதிய கட்டடம் எழுப்பிய போது, தேக்காவின் மாண்டரின் ஒலிப்பான ‘ஜூஜியாவ்’ என்ற பெயரைப் பலகையில் எழுதினர். பலகை ஒன்று சொல்ல, மக்கள் வாய் தேக்கா என்றே சொல்லிற்று. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2000இல், பலகைதான் பணிந்தது. தேக்கா நிலையம் என்பதே இன்று அதிகாரப்பூர்வப் பெயர். பேச்சு வழக்கின் வலிமையை மாணவர்க்கு விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இந்நிலையங்களில் நான் வியப்பது உணவைவிட மேசையை. அது எந்தக் கடைக்கும் உரியதன்று. ஒருவர் தோசை வாங்கி வருகிறார். எதிரில் இருப்பவர் கோழிச்சோறு. பக்கத்தில் இருப்பவர் நாசி லெமாக். மாட்டிறைச்சி உண்ணாதவரும் பன்றியிறைச்சி உண்ணாதவரும் புலால் மறுத்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து, தத்தம் நெறி பிறழாமல் உண்ண முடிகிறது. தட்டுகளைத் திரும்ப வைக்கும் அடுக்குகளில் ஹலால் உணவுக்குத் தனி இடம் உண்டு. ஓர் உணவகத்துக்குள் நுழைந்தால் அதன் உரிமையாளரின் வழக்கத்துக்கு நாம் உட்பட வேண்டும். பொது மேசையில் எவரும் எவருக்கும் உட்பட வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம், சிங்கையின் உணவங்காடிப் பண்பாட்டை மனித குலத்தின் அருவ மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்த போது, பல்லினச் சூழலில் கூடி உண்ணும் வழக்கத்தையே முதன்மையாகக் குறித்தது. அவ்வாண்டிலேயே ஏப்ரல் முதல் ஜூன் வரை, பெருந்தொற்றினால் அந்த மேசைகளில் ஒருவரும் அமர இயலாதிருந்தது.

இனி, பேரங்காடி வளாகங்களின் கீழ்த்தளத்திலோ மேல்தளத்திலோ குளிர்சாதன வசதியுடன் விளங்கும் உணவுக்கூடங்கள். 1980களின் நடுவில் இவை சிங்கையில் தலையெடுத்தன. இன்று கோலாலம்பூரிலும் ஜொகூர் பாருவிலும் இல்லாத வளாகம் இல்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். சுற்றிலும் கடைகள், நடுவில் பொது மேசைகள். ஆயினும் பிறப்பு வேறு. அங்காடி நிலையம் வண்டிக்காரருக்கு வாக்களித்தபடி கட்டியது; அங்கே உரிமம் பெற்றவர் தாமே நின்று விற்க வேண்டும் என்பது விதி. உணவுக்கூடமோ ஒரு நிறுவனம் வாடகைக்கு எடுத்து, கடைகளாகப் பிரித்து, மீண்டும் வாடகைக்கு விடும் இடம். கடைக்குள் நிற்பவர் பெரும்பாலும் கூலிக்காரர். அடுக்குச்சட்டியும் தட்டும் நிறுவனத்தினுடையவை. ஒரே பெயர்ப்பலகை பத்து வளாகங்களில் தொங்கும். குளிர்ச்சியும் தூய்மையும் அங்கே மிகுதி என்பதை மறுக்க முடியாது. வெயிலில் அலைந்த பிள்ளைகளை நானும் அங்குதான் அழைத்துச் செல்கிறேன். ஆனால் அங்கு நடப்பது உடன்பாடு அன்று, வெறும் குத்தகை.

தெருக்கள் காலியான பின், புதிய நிலையங்கள் கட்டுவதை அரசு ஏறத்தாழ கால் நூற்றாண்டு நிறுத்தி வைத்திருந்தது. உணவு விலை உயர்வு பற்றி மக்கள் குரல் எழுப்பிய சூழலில், 2011இல் மீண்டும் கட்டுவதாக அறிவித்தது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. 2016இல் சைனாடவுன் நிலையத்தின் ஒரு கோழிச்சோற்றுக் கடை மிச்செலின் நட்சத்திரம் பெற்றது உலகச் செய்தியாயிற்று. கூரை பெருகுகிறது, புகழும் பெருகுகிறது. அடுப்படியில் நிற்க ஆள்தான் குறைகிறது. அங்காடிக்காரரின் வயது அறுபதை ஒட்டி நிற்கிறது. விடியுமுன் எழுந்து, அனலில் நின்று, விடுமுறையின்றி உழைத்தவர்கள், தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதே அவர்கள் அத்தொழிலுக்கு வராதிருக்கத்தான். இதை ஓர் ஆசிரியன் எப்படிக் குறைகூறுவான்? அவர்களைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்து வேறு தொழிலுக்கு அனுப்பியவர்கள் நாமல்லவா?

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்விச் சுற்றுலாவில் மாணவரை உயர்ந்த கோபுரங்களுக்கு அழைத்துச் செல்கிறோம். ஓர் அங்காடி நிலையத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். கடைக்காரரிடம், “ஐயா, இதற்குமுன் எங்கே விற்றீர்கள்?” என்று ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். 1986க்கு முன் தெருவில் நின்றவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

நானும் அவ்வாறு ஆறாம் ஆண்டு மாணவரைச் சிற்றப்பாவின் நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். அவர் 1999இல் கடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சில ஆண்டுகளில் மறைந்தும் போனார். பிள்ளைகள் இருவரும் அலுவலகத்தில் இருக்கிறார்கள். தூணுக்குப் பின்னால் இப்போது ஒரு சீன அம்மையார் பழச்சாறு விற்கிறார். எங்கள் பிள்ளைகள் இருபது பேரும் அவரிடமே வாங்கினார்கள். அவர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாய் திறந்தே இருந்தது.

திரும்பும் வழியில் என் சிற்றப்பா மகன் வீட்டில் இறங்கினோம். அவர் ஓர் உறையிலிருந்து தம் தந்தையாரின் பழைய உரிம அட்டையை எடுத்துப் பிள்ளைகளிடம் காட்டினார். ஓரம் எண்ணெய்க்கறை படிந்திருந்தது. புகைப்படத்தின்கீழ், விற்கும் பொருள் என்ற இடத்தில், அரசு அதிகாரி ஒருவர் கைப்பட ஆங்கில எழுத்துகளில் ‘வடை’ என்று எழுதியிருந்தார்.